கடத்தலுக்குக் கட்டிய புளிசாதம்

பிள்ளை கடத்தலில் எனக்கு ஒருநாள் அனுபவம் உண்டு. சொந்தத் தம்பியோடு சேர்ந்து, அவன் பெற்ற மகளையே, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, நல்ல வெளிச்சத்தில் கடத்தினோம். வழிக்குப் புளிசாதம் கட்டியது நான். கூடவே வடகமும் பொரித்து, நமத்துப் போகாமல் இருக்க டப்பாவை இறுக்கி மூடினேன். "எந்த ஊர்க் கடத்தல்ல மதினி வடகம் பொரிப்பாக?" என்று தம்பி மனைவி இப்போதும் கேட்டுச் சிரிக்கிறாள். அவள் சிரிக்க ஆரம்பித்தே ஒரு வருடம்தான் ஆகிறது. அதற்கு முன்னால் இதை எழுதியிருந்தால் என் கடைக்கு வந்து என்னை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள்.

கடை என்றது தேனியில் கோர்ட்டுக்குப் போகும் சாலையில் இருக்கும் என் ஜெராக்ஸ் கடையை. ஜெராக்ஸ், லேமினேஷன், காதுகுத்துப் பத்திரிகை, கல்யாணப் பத்திரிகை எல்லாம் உண்டு என்று போர்டில் போட்டிருக்கிறேன். ஆனால் கடையை ஓட்டுவது புருஷன் பொண்டாட்டி சண்டைதான். வக்கீல் குமாஸ்தாக்கள் சொல்லச் சொல்ல மனு அடித்து அடித்து, ஜில்லாவில் எந்த வீட்டில் யார் யாரை எதனால் அடித்தார்கள் என்பது எனக்கு அத்துப்படி. பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்குகளுக்குக் கம்ப்யூட்டரில் தனியாக ஒரு மாதிரி மனு வைத்திருக்கிறேன். பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும், மீதி தயாராக இருக்கும்.

அதில் ஐந்தாவது பத்தி எனக்கு மனப்பாடம். எதிர்மனுதாரர் திடீரென்று குழந்தையின் பிறப்புச் சான்றிதழைத் தேடுகிறார், பள்ளியில் டி.சி. பற்றி விசாரிக்கிறார், வண்டியை விற்றுவிட்டார், புது சிம் வாங்கியிருக்கிறார், ஆகவே குழந்தையை ஊரைவிட்டே கொண்டுபோய்விடுவார் என்று மனுதாரர் அஞ்சுகிறார். இதை அடிக்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும். பெற்றவன் பிள்ளையைக் கொண்டுபோவதற்கு இத்தனை பயமா, இந்த வக்கீல்கள் எதையாவது ஊதிப் பெரிதாக்குகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

என் தம்பியும் அவன் மனைவியும் இரண்டு பேருமே நல்லவர்கள், ஒரே வீட்டில் இல்லாதவரைக்கும். அவன் மோட்டார் பம்ப் கம்பெனியில் சர்வீஸ் வேலை பார்க்கிறான். அவள் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். கல்யாணமாகி ஐந்தாறு வருடம் சண்டை போட்டுக் களைத்துப் பிரிந்தார்கள். நாலரை வயது மகள் அம்மாவிடம் இருக்க வேண்டும், ஞாயிறு பத்து மணியிலிருந்து ஐந்து மணிவரை அப்பாவோடு இருக்கலாம் என்று கோர்ட் தற்காலிகமாக உத்தரவு போட்டது. வாரம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரியும் தம்பி ஞாயிற்றுக்கிழமை மட்டும் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்துவான்.

ஒரு வியாழக்கிழமை கடைக்கு வந்தான். பிறப்புச் சான்றிதழ், ஆதார், தடுப்பூசி அட்டை எல்லாம் ஒரு கவரில் வைத்திருந்தான். "அக்கா, எல்லாத்துலயும் நாலு நகல் எடு. சான்றிதழ மட்டும் லேமினேட் பண்ணிரு" என்றான். எடுத்தேன். எதிரில் வழக்கமாக நிற்கும் அவனுடைய பைக் இல்லை. "வண்டி எங்கடா?" என்றேன். "குடுத்துட்டேன்க்கா, பழசாயிருச்சு" என்றான். புது நம்பர் ஒன்று சொன்னான், அதையும் போனில் பதிந்துகொண்டேன். ஐந்தாவது பத்தி வரிவரியாக என் கடைக்குள் நடந்து வந்து நிற்கிறது, நான் அதற்கு லேமினேஷன் போட்டுக் கொடுக்கிறேன்.

போகும்போது, "ஞாயித்துக்கிழமை நம்ம குலசாமி கோயில்ல பிள்ளைக்குக் காது குத்திரலாம்னு இருக்கேன். நீயும் வந்துரு" என்றான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஐந்து வயதாகப் போகிறது, இன்னும் காது குத்தவில்லை என்று எனக்கு ஒரு வருடமாகவே உறுத்தல். அவன் தெருமுனையைத் தாண்டுவதற்குள் போனை எடுத்துப் பிள்ளையின் தாய்மாமனைக் கூப்பிட்டுவிட்டேன்.

இதில் யோசிக்க ஒன்றுமில்லை. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் ஒரு பிள்ளைக்கும் காது குத்த மாட்டார்கள். வழக்கு நடக்கட்டும், முகத்தில் முழிக்காமல் இருக்கட்டும், தாய்மாமனுக்குச் சொல்லியாக வேண்டும், அவரும் சீர் கொண்டு வந்தாக வேண்டும். எத்தனை காதுகுத்துப் பத்திரிகை அடித்திருப்பேன், அதில் தாய்மாமன் பெயர் சாமி பெயருக்கு அடுத்த வரியில் இருக்கும்.

அவர் சின்னமனூரில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறார். போனில் பின்னால் ஏலச் சத்தம் கேட்டது. நான் விஷயத்தைச் சொன்னதும் மண்டியைவிட்டு வெளியே வந்தார் போல, சத்தம் குறைந்தது.

"மச்சான் சொல்லச் சொன்னாகளாக்கா?" என்று கேட்டார்.

"பின்ன? நானாவா சொல்லுவேன்?" என்றேன் நான். நானாகத்தான் சொன்னேன்.

"வந்துர்றேங்க்கா. தங்கச்சியவும் கூட்டிட்டு வந்துர்றேன்" என்றார். குரல் ஒரு மாதிரி இளகியிருந்தது. சண்டை ஓயப்போகிறது, மாப்பிள்ளை வீட்டார் இறங்கி வருகிறார்கள் என்று அவர் நினைத்துவிட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சனிக்கிழமை மதியம் தம்பி மறுபடி வந்தான். கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். காதுகுத்து முடிந்ததும் பிள்ளையோடு அப்படியே மலையேறப் போகிறானாம். எங்கள் குலசாமி இருப்பது கூடலூரை ஒட்டிய தோப்பில், அங்கிருந்து குமுளி அரை மணி நேரம், தாண்டினால் கேரளா. கட்டப்பனை பக்கம் ஒரு எஸ்டேட்டில் அவனுக்கு வேலை சொல்லி வைத்திருக்கிறார்கள். வீடு பார்த்தாயிற்று, பள்ளிக்கூடமும் பார்த்தாயிற்று. கூடலூர் ஸ்டாண்டில் ஒரு ஜீப்புக்கும் சொல்லிவிட்டான்.

"கோர்ட்டு உத்தரவு இருக்குல்லடா?" என்றேன்.

"அவ கோயம்புத்தூர்ல வேலைக்கு எழுதிப் போட்டிருக்காளாம்க்கா. பிள்ளையக் கூட்டிட்டு அங்கன போயிட்டான்னா எனக்கு ஏது ஞாயித்துக்கெழம?" என்றான். "நான் பெத்த பிள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன். இது எப்டிக்கா கடத்தல் ஆகும்?" என்று கேட்கும்போது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் அந்தத் தெருவில் நான்தான். கோர்ட்டைக் கேட்காமல் அவளும் பிள்ளையை ஊர் மாற்ற முடியாது, ஒரு மனு போட்டால் உன் ஞாயிற்றுக்கிழமை எங்கும் போகாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த மனுவையும் நானே அடித்துக் கொடுத்திருக்கலாம். சொல்லவில்லை. என் தம்பி அழுகிறான் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. மற்றவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு அடித்த சட்டமெல்லாம் என் வீட்டுப் பிள்ளைக்குப் பொருந்தாது என்று மனது சொல்லிவிட்டது. "வழிக்குச் சாப்பிட என்ன கட்ட?" என்று கேட்டேன்.

அவன் போன பிறகுதான் ஒன்று உறைத்தது. போகிறவன் நேராக மலையேறிப் போய்விடலாமே, நடுவில் எதற்குக் காதுகுத்து? பின்னால் ஒருநாள் கேட்டதற்கு, புது ஊரில் காலடி வைப்பதற்கு முன் குலசாமி காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று நினைத்தேன் என்றான். ஒருத்தி பிள்ளையைத் தூக்கப் போகிறவன் சாமிக்குக் குறை வைக்கக்கூடாது என்று பார்ப்பது எங்கள் குடும்பத்தில்தான் நடக்கும். அதைவிட உறைத்தது இன்னொன்று. தாய்மாமனைக் கூப்பிட்டிருந்தேன்.

கூப்பிட்டதைச் சொல்ல மறந்துவிட்டேன் என்று பிறகு தம்பியிடம் சத்தியம் செய்தேன். வேண்டுமென்றேதான் சொல்லாமல் இருந்தேன் என்று தம்பி மனைவியிடம் சத்தியம் செய்தேன். உண்மை என்னவென்றால், சொல்ல வேண்டும் என்று சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு முறை போனை எடுத்தேன், இரண்டு முறையும் கீழே வைத்துவிட்டு வடகம் பொரிக்கப் போனேன்.

ஞாயிறு காலை வாடகைக் காரில் அவள் வீட்டு வாசலில் போய் நின்றோம். அவர்கள் இருவரும் வாசலில் பேசிக்கொள்வதில்லை, வக்கீல் சொன்ன யோசனை. தம்பி மனைவி பிள்ளையைக் கொண்டுவந்து விட்டாள். பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை, தலையில் மல்லிகை, கழுத்தில் சின்னதாக ஒரு சங்கிலி. அவள் முகத்திலும் ஏதோ வெட்கம் கலந்த சிரிப்பு. "இன்னைக்கு என்னக்கா இவ்வளவு அலங்காரம் பண்ணி அனுப்பிருக்கா?" என்றான் தம்பி, கார் கிளம்பியதும். "ஞாயித்துக்கிழமைல்ல" என்றேன். "நமக்கு நேரம் நல்லாருக்குக்கா" என்றான். வீரபாண்டி தாண்டும்வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

தோப்பில் ஜீப் தயாராக நின்றது. தம்பி முதல் வேலையாகக் காரிலிருந்த பெரிய பையை ஜீப்பில் ஏற்றினான். காது குத்துகிற ஆசாரி ஒரு தென்னையின் நிழலில் தட்டும் எலுமிச்சம்பழமும் வைத்து உட்கார்ந்திருந்தார். வயதானவர், அவசரக்காரர். பன்னிரண்டுக்கு எமகண்டம், அதற்குள் முடிக்க வேண்டும் என்று மூன்று தடவை சொன்னார்.

"தாய்மாமன் எங்கன?" என்று கேட்டார்.

தம்பி என்னைப் பார்த்தான். "வெளியூர்ல இருக்காக, வர முடியல" என்றான்.

"அப்ப யாரு மடியில?"

"நானே வச்சுக்கிறேன்."

"பெத்தவன் மடியிலயா?" என்று ஆசாரி ஊசியைத் தட்டில் போட்டுவிட்டார். "நாப்பது வருசத்துல அப்டி ஒரு காது நான் குத்துனதில்ல." ஜீப் டிரைவரை உட்கார வைக்கலாமா என்று தம்பி கேட்டான். டிரைவர் கல்யாணமாகாதவர், அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வண்டிக்குள் ஏறிக்கொண்டார். பூசாரி தனக்கு இடுப்பு வலி என்றார். மணி பதினொன்றரை ஆகியிருந்தது. நான் புளிசாதம் இருந்த தூக்குவாளியின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

எரிச்சலில் இருந்த ஆசாரி பிள்ளை பக்கம் திரும்பியதும் குரலை மாற்றினார். "உங்க அம்மா எங்கன ஆத்தா?"

பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு, ஸ்கூலில் பாட்டு ஒப்பிப்பதற்கு நிற்பாளே, அப்படி நிமிர்ந்து நின்றாள். "எங்க அம்மா செத்துப் போயிட்டாக. சாமிகிட்ட இருக்காக" என்றாள்.

ஆசாரி "அடடா" என்று உச்சுக்கொட்டினார். பூசாரி விபூதி எடுத்து அவள் நெற்றியில் பூசினார். பிள்ளை சந்தோஷமாகத் தன் அப்பாவைப் பார்த்தாள். தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "என்னடா சொல்லிக் குடுத்து வச்சிருக்க?"

"புது ஸ்கூல்ல கேப்பாகள்லக்கா" என்றான் மெதுவாக. "அம்மா எங்கன, ஏன் வரலன்னு. அவளும் கேட்டுக் கேட்டு அழுவா. விளையாட்டுன்னு சொல்லித்தான் பழக்குனேன்." மூன்று ஞாயிறாகப் பழக்கியிருக்கிறான். சரியாகச் சொன்னால் சாக்லேட்.

இதுவரைக்கும் நடந்ததை எல்லாம் நான் ஏதோ ஒரு கணக்கில் அப்பனின் பாசம் என்று வைத்திருந்தேன். பிள்ளையைக் கொண்டுபோவது மட்டுமில்லை, இங்கே ஒருத்தியைக் கொன்று புதைத்துவிட்டுப் போகப் போகிறோம் என்று அப்போதுதான் புரிந்தது. அந்தக் காரியத்துக்குத்தான் நான் விடியற்காலையில் எழுந்து நல்லெண்ணெய் விட்டுச் சோறு கிளறியிருக்கிறேன். என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அப்போது தோப்பு முனையில் மேளச்சத்தம் கேட்டது.

ஒரு மினி லாரி வந்து நின்றது. முன்னால் இரண்டு மேளக்காரர்கள் இறங்கினார்கள். பின்னால் பத்துப் பதினைந்து பேர், தலையில் சீர்த்தட்டு. மண்டிக்காரர் அல்லவா, ஆளுயரத்துக்கு நான்கு வாழைத்தார். நடுவில் தாய்மாமன், புது வேட்டி சட்டை, கையில் பிள்ளையின் கம்மல் இருந்த சின்னச் சிவப்புப் பெட்டி. அவருக்குப் பின்னால் தம்பி மனைவி, கல்யாணத்துக்கு நாங்கள் எடுத்த அரக்குச் சேலையில்.

தம்பி என் பக்கம் திரும்பினான். "யாருக்கா சொன்னது?" என்றான்.

"தாய்மாமன் இல்லாமக் காது குத்துவாகளாடா?" என்றேன்.

"அந்தம்மா யாரு?" என்று ஆசாரி கேட்டார். பிள்ளையின் அம்மா என்று பூசாரிக்குத் தெரியும், சொன்னார். ஆசாரி அவளைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், பிறகு சாமி இருக்கும் திசையைப் பார்த்தார்.

அதற்குள் பிள்ளை ஓடிவிட்டாள். அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, மேளத்துக்கு மேலே கேட்கும்படி கத்தினாள். "அம்மா! நான் கரெக்டாச் சொல்லிட்டேன்! நீ செத்துப் போயிட்டன்னு சொன்னேன்! அப்பா சாக்லேட் தருவாக!"

தாய்மாமன் கையைத் தூக்கினார். மேளம் நின்றது. தம்பி மனைவி பிள்ளையின் தலையில் கை வைத்தபடி ஜீப்பைப் பார்த்தாள், ஜீப்பில் இருந்த பையைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் ஓடி ஒளிய அந்தத் தோப்பில் ஒரு இடம் இல்லை. நான் போய் ஜீப்பிலிருந்து பையை இறக்கிக்கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தேன். தம்பி தடுக்கவில்லை.

அவளே ஜிப்பைத் திறந்தாள். நான் லேமினேட் செய்த சான்றிதழ் மேலாக இருந்தது. அதற்குக் கீழே புதுப் பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம். அதை எடுத்துப் பிள்ளையின் தோளில் வைத்து அளந்து பார்த்தாள். பாவாடை கணுக்காலைத் தாண்டித் தரையில் புரண்டது.

"இது எத்தன வயசுப் பிள்ளைக்கு எடுத்தீக?" என்று தம்பியைக் கேட்டாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அவனிடம் அவள் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

"வளர்ற பிள்ள... ரெண்டு வருசத்துக்கு ஆகட்டும்னு..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். இரண்டு வருடம் என்று அவன் வாயால் சொன்னது அவனுக்கே அப்போதுதான் கேட்டது. அவள் யூனிஃபார்மை மடித்து உள்ளே வைத்தாள். மடிப்பு சரியாக வரவில்லை என்று பிரித்து மறுபடி மடித்தாள்.

அடிதடி நடக்கப்போகிறது என்று மேளக்காரர்கள் மேளத்தை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டார்கள். தாய்மாமன் தம்பியின் முன்னால் போய் நின்று அவனை நன்றாகப் பார்த்தார். பிறகு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "ஆசாரி, எமகண்டம் வருது. மொதல்ல காதக் குத்துங்க. மத்தத நாளைக்கு வக்கீல் பேசுவாரு" என்றார்.

பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டார். ஊசி இறங்கியதும் "அம்மா!" என்று அவள் போட்ட அலறலில் தோப்பிலிருந்த காக்காயெல்லாம் எழுந்தன. பெற்ற இருவரும் ஒரே நேரத்தில் ஒரு அடி முன்னால் வைத்தார்கள். தம்பி மட்டும் பாதியில் நின்றான். அவள் கூப்பிட்டது யாரை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

புளிசாதத்தை ஆளுக்கொரு கைப்பிடியாக எல்லோரும் சாப்பிட்டார்கள். சீர்த்தட்டு இறக்கி வைத்தவர்கள், மேளக்காரர்கள், ஜீப் டிரைவர் எல்லோரும். வடகம் நமத்துப் போகவே இல்லை. தம்பி மனைவி மட்டும் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை காலை கடையைத் திறக்கும்போதே அவள் வந்து நின்றாள். "மதினி, நீங்களே அடிச்சுக் குடுங்க" என்றாள். கம்ப்யூட்டரில் வைத்திருந்த மாதிரி மனுவைத் திறந்தேன். எதிர்மனுதாரர் என்ற இடத்தில் என் தம்பியின் பெயரை அடித்தேன். ஐந்தாவது பத்தியில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. "இதுக்கு சாட்சி யாரு?" என்று கேட்டாள். என் பெயரையும் அடித்தேன்.

ஆறு மாதம் அவள் வீட்டுக் கூடத்தில், தாய்மாமன் எதிரில்தான் தம்பி பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று ஆயிற்று. கேட்காமல் ஊரைத் தாண்ட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தான். கோர்ட் அனுமதியில்லாமல் பிள்ளையை ஊர் மாற்றக்கூடாது என்று அவளுக்கும் போட்டார்கள், அதைக் கேட்டதும்தான் தம்பி முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது. என்னோடு மூன்று மாதம் பேசவில்லை. எழுதிக் கொடுத்ததற்கு நகல் எடுக்க மட்டும் என் கடைக்கே வந்தான், மெஷினைப் பார்த்து "ரெண்டு காப்பி" என்றான்.

இப்போதெல்லாம் கடையில் யாராவது பிறப்புச் சான்றிதழை லேமினேட் செய்ய வந்தால் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. பிள்ளைக்குச் சட்டை எந்த அளவில் எடுத்தீர்கள் என்று கேட்டுவிடுவேன். பாதிப் பேர் இந்தப் பொம்பளைக்குக் கிறுக்கு என்று போய்விடுகிறார்கள். நின்று பேசுகிறவர்களிடம், உத்தரவின் நகலை ஸ்கூலில் கொடுத்துவையுங்கள், ஒரிஜினலை வீட்டில் பூட்டிவையுங்கள், பிள்ளைக்கு உங்கள் போன் நம்பரை மனப்பாடம் ஆக்குங்கள் என்கிறேன். தூக்கிக்கொண்டு போகிற யோசனையில் வருகிறவர்களையும் உட்கார வைத்து, என்ன பயம் என்று கேட்கிறேன். அநேகமாக அந்தப் பயத்துக்கு ஒரு மனு போதும். தம்பியிடம் கேட்காததை ஊரையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பிள்ளைக்கு இப்போது ஏழு வயது. பழையபடி ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு போகிறாள். கம்மலை ஆட்டிக்கொண்டு தாய்மாமன் பெருமை பேசுவாள், அந்த நாளில் வாழைத்தார் வந்ததும் மேளம் அடித்ததும் நினைவிருக்கிறது என்பாள். மற்றது நினைவில்லை என்றுதான் நாங்கள் இருந்தோம். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் பத்து மணிக்கு வண்டியில் ஏறுவதற்கு முன்னால் திரும்ப ஓடிப்போய் அம்மாவின் கன்னத்தைத் தொட்டு, "நான் வர்ற வரைக்கும் செத்துப் போயிர மாட்டீல்ல?" என்று கேட்கிறாள். "மாட்டேன் ஆத்தா" என்று அவள் சொன்ன பிறகுதான் ஏறுகிறாள். முதலில் விளையாட்டு என்று நினைத்தோம். இதுவரை ஒரு ஞாயிறுகூட அவள் கேட்காமல் போனதில்லை.

தம்பி அந்த நேரத்தில் ஹெல்மெட் வாரை மாட்டுவதும் கழற்றுவதுமாக நிற்பான். உத்தரவில் ஐந்து மணிவரை என்றுதான் இருக்கிறது. அவன் நாலரைக்கே கொண்டுவந்து விட்டுவிடுகிறான்.